மடைமேல் ஒரு குளவி

துண்டு தோளில்தான் இருக்கிறது. இடது தோளில், மடிப்புக் கலையாமல். விடியுமுன் கொடியிலிருந்து எடுத்தபோதே பொன்னழகு பார்த்துவிட்டாள். முப்பத்தி நாலு வருசமாக மீன்பிடி அன்றைக்கு வெறுந்தோளோடு வாசல்படி இறங்குகிற புருசன் இன்றைக்குத் துண்டைத் தொட்டால் எந்தப் பொண்டாட்டி பார்க்காமல் இருப்பாள். எதுக்கு இது என்றாள். வேர்வை தொடைக்க என்றேன். பொழுதே இன்னும் வெளுக்கல, அதுக்குள்ள ஒனக்கு வேர்த்துருச்சா என்றாள். ஊத்தாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். மூங்கில் சிம்பில் பின்னிய கூடை அது, மேலும் கீழும் வாய். தண்ணீரில் குத்தி அமுக்கிவிட்டு மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் தடவினால் உள்ளே மாட்டினது தட்டுப்படும். எனக்கு ஒன்று இருந்தது. பரணில் கிடந்து பூச்சி அரித்துப் போனது. இப்போது வெயில் பனைமரத்தின் பாதிக்கு ஏறிவிட்டது. கரை நெடுக ஆள். பதினெட்டுப்பட்டி என்பார்கள், இன்றைக்கு முப்பது பட்டி வந்திருக்கும். ஊத்தா, கச்சாவலை, கொசுவலை, பழைய சேலை, ஒருத்தன் சோறு வடிக்கிற ஓட்டைச் சட்டியே கொண்டுவந்திருக்கிறான். எல்லோருக்கும் கண் ஒரே இடத்தில்தான். மடைமேல். கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மடை, நாலு படி ஏறினால் மேலே ஒரு கல் மேடை. அங்கே நின்று ஊர்த்தலைவரான அம்பலம் வெள்ளைத் துண்டை வீச வேண்டும். வீசினால் இறங்கலாம். வீசாமல் ஒரு கால்விரல்கூடத் தண்ணீரில் படக்கூடாது. நான் அந்த நாலு படிக்குக் கீழே, கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறேன். மீன்பிடி அன்றைக்குத் துண்டோடு கரையில் நிற்கக் கூடாது என்று ஊர் யாருக்குச் சொன்னதோ, அவன். நாலு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். நாலு பேரும் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தண்ணீர் முழங்காலுக்குத்தான் கிடக்கிறது. கட்டங்காப்பி நிறம். விடியும்வரை குளிர்ந்து கிடந்தது, இந்த வெயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் மேல்தண்ணீர் சுட ஆரம்பித்துவிடும். விரால் மேலே வந்து வாயைத் திறந்து காற்றை முழுங்கிவிட்டுப் போகிறது. அது எப்போதும் செய்கிற காரியம். கெண்டை அப்படி இல்லை. கெண்டை மேலே வந்தால் அதற்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். அதோ கருவேலமரத்து நிழலில் நாலைந்து கெண்டை வாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கரையில் எத்தனை பேருக்கு அது தெரியும். அந்த மைக் பிடித்திருக்கிற இன்றைய அம்பலம் ராசாங்கத்துக்குத் தெரியுமா. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ரோட்டுப் பக்கம்தான். ரோட்டில் பந்தல், பந்தலில் நாற்காலி, நாற்காலியில் உட்கார மதுரையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி. பொதுமக்கள் அமைதி காக்கவும், ஐயா அவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஏழரைக்கும் வந்துகொண்டே இருந்தார்கள். எட்டரைக்கும் வந்துகொண்டே இருக்கிறார்கள். தாத்தா, இங்க உக்காரலாமா என்று ஒரு பெண் வந்தாள். தொப்பி, கழுத்தில் அட்டை, கையில் தாள். மதுரையில் காலேஜாம், பேர் பெனிட்டாவாம். இந்தக் கண்மாயால ஊர்க்காரங்களுக்கு என்னென்ன நன்மைன்னு கேட்டு எழுதுறோம், மீன், பாசனம் அதெல்லாம் இல்ல தாத்தா, மனசுக்கு என்ன கிடைக்குது, அந்த மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நீங்க மார்க் போடணும். நான் பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கினதே நாலாவது வரைக்கும்தான், இப்போது கண்மாய்க்கு நான் போட வேண்டுமாம். போட்டுவிடலாம். இந்தக் கண்மாய் உங்களுக்கு மன அமைதி தருதா. ஒண்ணு. கண்ணுக்கு அழகா இருக்கா. ஒண்ணு. ஊர் ஒத்துமையா இருக்க உதவுதா. அதற்குக் கொஞ்சம் சிரித்தேன். பூச்சியம் இருக்கா என்றேன். இல்லை தாத்தா, ஒண்ணுதான் கம்மி. அப்ப ஒண்ணு. எல்லாத்துக்கும் ஒண்ணேவா என்று நிமிர்ந்தாள். இதுவரைக்கும் கேட்டவங்க எல்லாரும் அஞ்சுதான் சொன்னாங்க. சொல்வாய்ங்க ஆத்தா, அவிய்ங்களுக்கென்ன, அவிய்ங்க எறங்குறாய்ங்க, பிடிக்கிறாய்ங்க, திங்கிறாய்ங்க.

அவள் எழுதிக்கொண்டாள். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. வரிசையாக மூன்று கோடு. எனக்கு அது பிடிக்கவில்லை. நான்தான் சொன்னேன், ஆனாலும் பிடிக்கவில்லை. அமைதி இல்லை என்றால் இல்லைதான். சாயங்காலம் தவறாமல் இந்தக் கரைக்கு வருகிறேனே, அமைதிக்கா வருகிறேன். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து விழுகிற கலுங்குப் பக்கம் புங்கைமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் எந்தக் கல்லுக்கு வந்திருக்கிறது என்று பார்ப்பேன். ஒரு கல் ஏறியிருந்தால் அன்றைக்குச் சோறு கூட இறங்கும். ஏன் என்று கேட்டால் தெரியாது. எனக்கென்ன நூறு ஏக்கரா பாய்கிறது. மூணு மா, எல்லாம் சேர்த்து ஒரு ஏக்கரா, அதிலும் ஒரு மா மேடு. ஆனால் என் வயசு எனக்குக் கண்மாயை வைத்துத்தான் தெரியும். கரை உடைந்த வருசம் பிறந்தேன். கலுங்கு இரண்டு மாசம் நிற்காமல் விழுந்த வருசம் பொன்னழகைக் கட்டினேன். அவள் அப்பன் பெண் கொடுக்கும்முன் எங்கள் வீட்டைப் பார்க்க வரவில்லை, கரையில் ஏறி நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு, சரி, சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட மாட்டா என்று சொல்லித் திரும்பிப் போனான். வீடு பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டான். இதற்கெல்லாம் தாளில் கேள்வி இல்லை. கேள்வி இல்லாததற்கு எங்கே கோடு போடுவது. மறுபடி மைக். ஐயா அவர்கள் பாலத்தைத் தாண்டிவிட்டார்கள். கரையில் ஒருத்தன், எந்தப் பாலம்டா, பாம்பன் பாலமா என்று கத்துகிறான். சிரிப்பு ஒரு அலைபோல அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வருகிறது.

அன்றைக்கும் இப்படித்தான் தாமதம். ஆனால் அன்றைக்குத் தாமதித்தது ஆள் இல்லை, கிடாய். மடைக் கருப்புக்குப் பூசை போட்டு, கிடாயின் முதுகில் தண்ணீர் தெளித்துக் காத்திருக்க வேண்டும். கிடாய் உடம்பைச் சிலுப்பினால் கருப்பு உத்தரவு கொடுத்துவிட்டது. பிறகுதான் துண்டு. அந்த வருசம் கிடாய் சிலுப்பவே இல்லை. மூன்று செம்புத் தண்ணீர். அசையாமல் நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது, எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி. நாகலிங்க அம்பலம், இந்த ராசாங்கத்தின் அப்பன், என்னைக் கூப்பிட்டு, சோணை, நீ மடைமேல போயி நில்லு, சின்னப் பயலுக எவனும் ஏறிடாமப் பாத்துக்க என்றார். எனக்கு முப்பத்தோரு வயசு. தோள் இரண்டும் தேக்கு. ஏறி நின்றேன். மேலிருந்து பார்த்தால் கண்மாய் வேறு மாதிரி இருந்தது. எத்தனையோ தடவை கரையிலிருந்து பார்த்ததுதான், மடைமேல் நின்று பார்த்தது அன்றைக்குத்தான். வெயில் விழுந்து தண்ணீர் முழுவதும் ஒரே தகடு. அதில் அங்கங்கே மீன் துள்ளித் துள்ளி ஓட்டை போட்டது. சுற்றி அத்தனை சனம், அத்தனை ஊத்தா, ஒரு சத்தம் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை இல்லை, மடையை. ஆனால் மடைமேல் நின்றது நான். அப்போது குளவி வந்தது. மடைக்கல் இடுக்கில் கூடு. காதோரம் வந்து ரீங்கென்றது. துண்டை எடுத்து விரட்டினேன். அவ்வளவுதான். தென்கோடியில் முதல் ஆள் இறங்கினான், அடுத்த மூச்சுக்குள் ஊரே தண்ணீரில் இருந்தது. கிடாய் இன்னும் சிலுப்பாமல் நின்றுகொண்டிருந்தது. நாகலிங்கம் கையில் செம்போடு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை செத்தாலும் மறக்காது. அவர் செத்தும் எனக்கு மறக்கவில்லை.

அந்த வருசம் மழை இல்லை. அதற்கு அடுத்த வருசமும் இல்லை. மழை இல்லாமல் போனது இந்த ஊரில் மட்டுமா, சுத்துப்பட்டு முழுக்க வறண்டது. அங்கேயெல்லாம் எவன் துண்டை வீசினான். கேட்டேன், கோயில் வாசலில் கூட்டம் போட்டபோது கேட்டேன். தீர்ப்புதான் சொன்னார்கள். மீன்பிடி அன்றைக்குச் சோணைமுத்து தோளில் துண்டு போட்டுக் கரை ஏறக்கூடாது, தண்ணீரில் இறங்கக்கூடாது. எத்தனை வருசத்துக்கு என்று சொல்லவில்லை. சொல்லாததால் இன்னும் முடியவில்லை. மழை வந்தது, கண்மாய் நிறைந்தது, பதினொரு தடவை கலுங்கு விழுந்துவிட்டது. ஒருத்தனாவது, சோணை, போதும்டா, வா என்று சொன்னானா. நானும் போய்க் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும். பேரை மாற்றினார்கள், குளவி. குளவி வீடு எது என்று கேட்டால்தான் தபால்காரனுக்கே தெரியும். என் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன வீட்டில் ஒருத்தி உள்ளே திரும்பி, குளவி மாமா வந்துருக்காக, காப்பி போடு என்றாள், மரியாதையாகத்தான் சொன்னாள். நானும் ஒன்று செய்தேன். இந்தக் கண்மாய் மீனைத் தொடுவதில்லை. மீன்பிடி அன்றைக்கு ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் மீன்குழம்பு. பிடித்ததை விற்கக்கூடாது, பிடிக்காதவன் வீட்டுக்குப் பிடித்தவன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். தெரு முழுக்கப் புளியும் மல்லியும் கொதிக்கும். பொன்னழகு பிடித்துவந்து சட்டி நிறைய வைப்பாள். நான் பழைய சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, சட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்பேன். மூக்கை மூட முடியாது. முப்பத்தி நாலு வருச வாசனை உள்ளே போயிருக்கிறது. அவள் வா என்றும் சொல்ல மாட்டாள், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டாள். ஒரு துண்டு மீனை மட்டும் தனியாக எடுத்துக் கிண்ணியில் மூடி வைப்பாள். மறுநாள் அது பூனைக்கு.

தாத்தா, கடைசியா ஒண்ணு என்கிறாள் அந்தப் பெண். இதுக்கு மார்க் இல்ல. இந்தக் கண்மாயில உங்களுக்கு மறக்க முடியாத நாள். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், அவர்கள் சொல்கிற மாதிரி எழுதிக்கொண்டு போவதற்குப் பதில் நானே சொல்லலாம் என்று சொன்னேன். கிடாய், மடை, குளவி, துண்டு, கூட்டம், எல்லாம். வேகமாக எழுதினாள். எழுதி முடித்து, பாவமாகப் பார்த்து, குளவி கொட்டிருச்சா தாத்தா, எங்க கொட்டுச்சு என்றாள். எங்கே கொட்டியது. முப்பத்தி நாலு வருசத்தில் ஊரில் ஒருத்தர்கூட இதைக் கேட்கவில்லை. கூட்டத்தில் ஏன் வீசினாய் என்று கேட்டார்கள், யார் சொல்லி வீசினாய் என்று கேட்டார்கள், கருப்பைவிட நீ பெரியவனா என்று கேட்டார்கள். கொட்டியதா என்று கேட்கவில்லை. கொட்டல ஆத்தா என்றேன். அப்ப சும்மா காதுகிட்ட வந்துச்சா. ஆமா. வலது காதா, இடது காதா என்று கேட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. எதற்குப் பயம். இந்தச் சின்னப் பெண் என்ன கருப்பா. கல் இடுக்கைப் பார்க்கிறேன். மடைக்கல் இறுக்கமாகத்தான் இருக்கிறது. கூடு கட்டினால் தடம் இருக்கும், மண் அப்பியிருக்கும். அன்றைக்குச் சாயங்காலம் பொன்னழகு விரல் நுனியில் சுண்ணாம்போடு வந்து நின்றாள். எங்க என்றாள். பின்கழுத்தைக் காட்டினேன். கூட்டத்தில் கொட்டியது என்று சொல்லவில்லை, ஆனால் அவளிடம் கழுத்தைக் காட்டினேன். அவள் முடியை ஒதுக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு நான் காட்டின இடத்தில் சுண்ணாம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த இடம் எரிந்தது. இப்போது நினைத்தாலும் எரிகிறது. அவளுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் கிண்ணியில் மூடி மூடி வைத்தாளா.

ராசாங்கம் மைக்கில், கார் ரயில்வே கேட்டில் நிற்பதாகச் சொல்கிறான். கருவேல நிழலில் கெண்டை பத்து இருபதாகிவிட்டது. ஒன்று சாய்ந்து வெள்ளை வயிறு காட்டிவிட்டு மறுபடி நிமிர்கிறது. இன்னொரு மணி நேரம் விட்டால் மிதக்கும். மிதந்த மீனை யார் குழம்பு வைப்பது. கிடாய் விடிந்ததுமே சிலுப்பிவிட்டது, நான் பார்த்தேன், முதல் செம்புத் தண்ணீருக்கே வால் முதல் காது வரை உதறியது. கருப்பு உத்தரவு கொடுத்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்குக் கருப்புக்காகக் காத்திருக்கவில்லை என்று என்னை ஒதுக்கினீர்கள். இன்றைக்குக் கருப்பே காருக்குக் காத்திருக்கிறதே, யாரை ஒதுக்குவீர்கள். இதை வாயால் கேட்கலாம். கேட்டால், குளவிக்குக் கோபம் வந்துருச்சுடா என்று சிரிப்பார்கள். குளவி. இருந்ததா. மடைமேல் நின்றேன், தண்ணீர் தகடாகக் கிடந்தது, மீன் துள்ளியது, சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இத்தனையும் எனக்குக் கீழே, என் கைக்குக் காத்திருக்கிற மாதிரி. கை போனது. நான் போகச் சொல்லவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. காதில் ரீங்கென்று கேட்டது நிஜம். அது குளவி இல்லை. என் ரத்தம். அப்படித்தான், இப்போதும் கேட்கிறது. இதற்கு எத்தனை மார்க், அமைதிக்கு ஒண்ணு சரிதான், அழிக்காதே, இந்தத் தண்ணீர் எனக்கு ஒரு நாள்கூட அமைதி தரவில்லை, அதனால்தான் தினமும் வருகிறேன். எழுந்துவிட்டேன். முட்டி சொடுக்குகிறது. எங்க தாத்தா என்கிறாள். ஒரு படி. கல் சுடுகிறது. இரண்டாவது படி. தள்ளி நிற்கிற ஒருத்தன், ஏய் குளவி என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். மூன்றாவதில் மூச்சு வாங்குகிறது. அறுபத்தஞ்சு வயசு, தேக்குத் தோள் இல்லை, துணி காயப்போடுகிற கொடி மாதிரித் தோள். நாலு.

அப்படியேதான் இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் குறைவு, கருவேலம் கூடுதல். தகடு அதே தகடு. சனம் ஒன்றொன்றாக இந்தப் பக்கம் திரும்புகிறது, முதலில் அருகில் இருப்பவர்கள், பிறகு அவர்கள் திரும்புவதைப் பார்த்து அடுத்தவர்கள், சத்தம் கரை நெடுக அவிந்துகொண்டே போகிறது. ரோட்டுப் பந்தலில் மைக் மட்டும் பேசுகிறது. பிறகு அதுவும் நின்றது. யாரது மேல, சித்தப்பு, எறங்குங்க, சித்தப்பு. ராசாங்கம் ஓடிவருவது தெரிகிறது, வேட்டி தடுக்குகிறது. பொன்னழகு எங்கே. மேல்கரை முனையில், ஊத்தாவைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள். இத்தனை தூரத்தில் முகம் தெரியாது. அவள் நிற்கிற நிலை தெரியும். காது ரீங்கென்கிறது. துண்டைத் தோளிலிருந்து உருவினேன். இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை. நான் தூக்கினேன். தலைக்குமேல் மூன்று சுற்று, துணி காற்றைக் கிழிக்கிற சத்தம் எனக்கே கேட்கிற மாதிரி. ஒரு கண்ணிமைப்பு எவரும் அசையவில்லை. வரவே மாட்டார்களோ. இந்தக் கிழவன் துண்டுக்கு யார் இறங்குவார்கள். அப்போது அவள் இறங்கினாள். பொன்னழகுதான், முதல் ஆள், தண்ணீர் இரண்டு பக்கமும் தெறிக்க. அப்புறம் கரையே சரிந்து விழுந்த மாதிரி சனம். ஓ என்று ஒரு கூச்சல், அது மடைக்கல்லில் ஏறி என் பாதத்துக்குள் வந்தது. கொக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்து போயின.

ராசாங்கம் படி ஏறி வந்து நின்றான். மூச்சு இரைக்கிறது. அப்பன் மாதிரியே பார்க்கிறான், கையில் செம்புக்குப் பதில் போன். என்ன சித்தப்பு இது என்றான். பிறகு, கீழே அந்தப் பெண்ணும் இன்னும் நாலு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் சிரித்து, மறுபடியும் குளவியா என்றான். நான் தப்பிக்க வழி விட்டான் அவன். ஆமா என்று ஒரு சொல் சொன்னால் போதும், கிழவன், குளவி, போகட்டும் என்று முடிந்துவிடும். குளவி இல்லடா என்றேன். அன்னைக்கும் இல்ல. அவன் சிரிப்பு அப்படியே நின்றது. கூட்டம் போடுறியா, போடு, நான் வர்றேன், இதையே அங்கயும் சொல்றேன். துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, மடையின் உள்பக்கச் சரிவில், கண்மாய்ப் பக்கமாக இறங்கினேன். தண்ணீர் முதலில் சுட்டது. பிறகு கீழே, கணுக்காலில், குளிர்ந்தது. சேறு விரலிடுக்கில் ஏறியது. மறந்தே போயிருந்தேன், இந்தச் சேறு எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று. சனத்தை விலக்கிக்கொண்டு, வழுக்கி, ஒருத்தன் தோளைப் பிடித்து, அவன் யாரென்றுகூடப் பார்க்காமல், அவளிடம் போய்ச் சேர்ந்தேன். ஊத்தாவை ஓரிடத்தில் அமுக்கிப் பிடித்திருந்தாள். முகமெல்லாம் சேறு. நிமிர்ந்தாள். என் பின்கழுத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். சுண்ணாம்பு கொண்டாரலியே, என்ன செய்ய என்றாள். நான் குனிந்து கூடைக்குள் கையை விட்டேன். ஒன்றும் இல்லை, சேறு, சேறு, வேர், பிறகு வழவழவென்று ஒன்று உள்ளங்கையில் ஓங்கி அடித்தது.